1988இன் கிளீவ்லாந்து ஒலிநாடாக்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நைன் இன்ச் நெயில்ஸ் இசைக்குழுவின் தொடக்ககால மாதிரிப் பதிவுகளின் (டெமோக்களின்) உரிமையையும் மூல ஒலிநாடாக்களையும் தம் பொறுப்பில் வைத்திருக்கும் அனைவருக்கும்,

சென்ற இலையுதிர் காலத்தில், ஒகையோவின் வடகிழக்குப் பகுதியில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்த பழைய இசைத்தட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற கல்லூரி மாணவி ஒருவர், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதிய இசைத்தட்டு ஒன்றை 45 டாலர் கொடுத்து வாங்கினார். அட்டையில் 'பியூரஸ்ட் ஃபீலிங்' என்ற பெயரும், நைன் இன்ச் நெயில்ஸின் முதல் ஆல்பம் என்ற விவரமும், 1987 என்ற ஆண்டும் அச்சாகியிருந்தன. விற்றவரும் அதையே வாயால் திருப்பிச் சொன்னார். அப்படி ஓர் ஆல்பம் வெளிவரவே இல்லை, இது திருட்டுப் பதிப்பு, இதில் இருப்பவை 1988இல் எடுத்த மாதிரிப் பதிவுகள், இந்தப் பணத்தில் அந்தக் குழுவை உருவாக்கிய ட்ரென்ட் ரெஸ்னருக்கு ஒரு காசும் போய்ச் சேராது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்படியென்றால் சரியான பதிப்பு எங்கே கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். எங்கும் கிடைக்காது என்று சொல்ல நேர்ந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். ஆகவே அதை உங்களிடம் கொண்டுவருகிறேன்.

இந்தப் பதிவுகள் எப்படிப் பிறந்தன என்பது நீங்கள் அறியாததல்ல. ஆயினும் அதைச் சொல்லாமல் என் குறையைச் சொல்ல முடியாது. பென்சில்வேனியாவின் மெர்சர் என்ற சிற்றூரில் வளர்ந்து, அலிகேனி கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளீவ்லாந்துக்கு வந்த ரெஸ்னர், உள்ளூர்க் குழுக்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டே, ரைட் ட்ராக் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவிப் பொறியாளராகவும், தரை துடைப்பது வரையிலான எடுபிடி வேலைகளைச் செய்பவராகவும் இருந்தார். கூடத்தின் உரிமையாளர் பார்ட் கோஸ்டர், வாடிக்கையாளர் வராத நேரங்களில் கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ள அவரை அனுமதித்தார். மனத்தில் கேட்ட ஒலியை வாசித்துக் காட்டக்கூடிய குழு அமையாததால், தம் பாடல்களுக்குக் கருவிகளைத் தாமே வாசித்த பாப் பாடகர் பிரின்ஸை முன்மாதிரியாகக் கொண்டு, டிரம்ஸ் நீங்கலாகப் பெரும்பாலான கருவிகளைத் தாமே வாசித்துப் பதிந்தார். அப்போது அவருக்கு வயது 23. பல இசை நிறுவனங்களுக்கு மாதிரிகளை அனுப்பி, டிவிடி (TVT) ரெக்கார்ட்ஸ் என்ற நியூயார்க் இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1989 அக்டோபர் 20 அன்று 'ப்ரிட்டி ஹேட் மெஷின்' வெளிவந்தது. இரைச்சலும் இயந்திரத் தாளமும் நிறைந்த இண்டஸ்ட்ரியல் இசையை, அதுவரை அதை அறியாத அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசென்ற முதல் வரிசை ஆல்பங்களில் அது ஒன்று.

1994இல் அவருடைய அடுத்த முழு ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் அவரும் குழுவினரும் சேறு பூசிய உடலோடு வாசித்த காட்சியை நாடே பார்த்தது. பெயர் பெருகிய அந்த ஆண்டிலேயே, ஹாக் என்ற பெயர் தாங்கிய யாரோ, கிளீவ்லாந்துப் பதிவுகளைத் திருட்டுக் குறுந்தகடாக அடித்து விற்றார்கள். அதன்பின் அதைப் பார்த்து மற்றொருவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வணிகம் நிற்கவில்லை.

நான் இதற்கு வெளியே நிற்பவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த இரண்டாம் ஆண்டு, 1997இல், இரவுப் பணியில் உடனிருந்த நண்பர் ஒருவர் பெயர் எழுதாத கேசட் ஒன்றைக் கொடுத்தார். எத்தனையாவது கை மாறி வந்த நகலோ தெரியாது. மழை பெய்யும் கூரையின் கீழ் அமர்ந்து பக்கத்து வீட்டு வானொலியைக் கேட்பதுபோல் இருந்தது. ஆனால் அந்த இரைச்சலுக்குப் பின்னால், இன்னும் தன் குரலைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனின் குரல் இருந்தது. ஊர் புதிது, மொழி புதிது, நண்பர்கள் குறைவு என்றிருந்த எனக்கு அந்தக் குரல் மிகவும் வேண்டியிருந்தது. சில மாதங்கள் கழித்து, கிளீவ்லாந்தின் பழைய இசைக்கடை ஒன்றில் அதையே குறுந்தகடாகக் கண்டபோது, வழக்கமான குறுந்தகட்டின் விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, 28 டாலர், கொடுத்து வாங்கினேன். வாங்கியது தவறு என்பது அப்போதே எனக்குத் தெரியும். முறையான வழி ஒன்று திறந்திருந்தால் அந்த வழியே போயிருப்பேன் என்பதும் அவ்வளவே உண்மை.

சந்தையில் கண்ட அந்த இசைத்தட்டின் ஒரு பிரதியை, இந்த மடலுக்குச் சான்று வேண்டும் என்பதற்காக நானும் வாங்கிவந்தேன். கேசட், குறுந்தகடு, இசைத்தட்டு ஆகிய மூன்றையும் கணினியில் ஏற்றி, பாட்டுக்குப் பாட்டு அருகருகே வைத்துக் கேட்டேன். மூன்றும் ஒரே சுருதியில் இல்லை. கேசட்டில் எல்லாப் பாடல்களும் ஏறக்குறைய அரைச் சுரம் மேலே நிற்கின்றன. அந்த நகலை எடுத்த கருவிகளில் ஏதோ ஒன்றின் மோட்டார் வேகம் பிசகியிருக்க வேண்டும். குறுந்தகட்டில் ஒரு பாடலின் தொடக்கம் ஒரு நொடிக்குக் குறைவாக வெட்டப்பட்டிருக்கிறது. இசைத்தட்டை அடித்தவர்களோ இரைச்சலை நீக்கும் மென்பொருளைக் கண்மூடித்தனமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். டிரம்ஸின் மேலொலிகள் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் குழைகின்றன, மூச்சு வாங்கும் இடங்களில் குரல் அறுந்துபோகிறது. இந்த மூன்றில் எது ரெஸ்னர் பதிந்த வேகம், எது அவர் பதிந்த ஒலி என்று தீர்மானிக்க என்னால் முடியாது, எந்த ரசிகராலும் முடியாது. மூலத்தை வைத்திருக்கும் உங்களால் மட்டும் முடியும்.

பிழையான ஒலி ஒருபுறம் இருக்க, பிழையான வரலாறுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. 'ப்ரிட்டி ஹேட் மெஷின்' ஆல்பத்தின் 10 பாடல்களில் 6 பாடல்கள் இந்தப் பதிவுகளில் முன்வடிவமாக உள்ளன. 'ரிங்ஃபிங்கர்' என்று பின்னாளில் அறியப்பட்ட பாடல் இங்கே 'ட்விஸ்ட்' என்ற பெயரில் இருக்கிறது. 'மேபி ஜஸ்ட் ஒன்ஸ்' என்ற பாடலும், திருட்டுப் பதிப்புக்கே தலைப்பாகிவிட்ட பாடலும் ஆல்பத்துக்கு வரவே இல்லை. மறுபுறம், இன்று அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுவரும் 'ஹெட் லைக் எ ஹோல்', 'டெரிபிள் லை', 'சம்திங் ஐ கேன் நெவர் ஹேவ்' ஆகியவற்றின் சுவடு இந்தப் பதிவுகளில் இல்லை. கிளீவ்லாந்து வடிவங்கள் இலேசானவை. அந்தக் காலத்து சின்த்பாப் (மின்னணுக் கருவிகளில் அமைந்த பாப்) இசையின் துள்ளல் அவற்றில் தெரிகிறது, கோபம் இன்னும் உடையை மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு பாஸ்டன், லண்டன், நியூயார்க் கூடங்களில் ஃப்ளட், ஜான் ஃப்ரையர், ஏட்ரியன் ஷெர்வுட், கீத் லெப்ளாங்க் ஆகிய இசைத் தயாரிப்பாளர்களுடன் வேலைசெய்தபோது அந்தத் துள்ளல் உரிக்கப்பட்டு, உலோகமும் சீற்றமும் மேலே வந்தன. முடிந்த ஆல்பத்தைக் கேட்ட டிவிடி நிறுவனத்தின் தலைமைக்கு அது பிடிக்கவில்லை என்று ரெஸ்னரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனவே இந்த இரண்டு வடிவங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வெறும் தொழில்நுட்ப மேம்பாடு அல்ல. தனக்குக் கதவைத் திறந்துவிட்ட ஒலியைத் தானே கைவிட்டு, பிடிக்காமல் போகலாம் என்று தெரிந்தும் வேறோர் ஒலியைத் தேர்ந்த இளைஞனின் முடிவு அந்த இடைவெளியில் இருக்கிறது. இசையைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைக்கும் இருபது வயதுக்காரர் ஒருவருக்கு இதைவிடப் பயன்படும் பாடம் ஒன்றை நான் அறியேன். அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டிய மாணவி, வடிவங்களின் வரிசையும் ஆண்டும் தவறாக அச்சிட்ட அட்டையை 45 டாலருக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஆண்டு மட்டுமல்ல, எந்தப் பதிவு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டது, எது அதன்பின் எடுக்கப்பட்டது, டிரம்ஸ் வாசித்தவர் யார், எது ஒத்திகை, எது முடிந்த கலவை என்பதையெல்லாம் ஒலிநாடாப் பெட்டிகளின் மேல் அன்றைக்குப் பேனாவால் எழுதிய குறிப்புகளே சொல்லும். திருட்டுப் பதிப்பாளர்களுக்கு அந்தக் குறிப்புகளால் பயனில்லை. ஆதலால் அவை வெளியே வரவில்லை.

உங்கள் தரப்பில் ஒரு நியாயமான மறுப்பு இருக்கலாம் என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். தன் கரட்டு வடிவங்களை உலகம் பார்க்கக் கூடாது என்று ஒரு கலைஞர் நினைத்தால், அந்த விருப்பத்தை மதிக்க வேண்டும். கவிஞன் கிழித்தெறிந்த தாளைப் பொறுக்கி ஒட்டவைத்து அச்சேற்றும் உரிமை வாசகனுக்கு இல்லை. இந்தக் கொள்கையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இரண்டு விஷயங்களை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று, மாதிரிப் பதிவு என்பதே பிறர் கேட்பதற்காகச் செய்யப்படுவது. இவற்றில் ஒரு பகுதியேனும், முன்பின் அறியாதவர்களின் மேசைக்கு அனுப்பத் தகுந்தது என்று அவரே கருதிய தரத்தில் முடிக்கப்பட்டது. மற்றொன்று, மறைத்துவைக்கும் வாய்ப்பு 1994இலேயே கைநழுவிவிட்டது. இன்று நீங்கள் காக்கும் மௌனம் அந்தப் பதிவுகளை மறைக்கவில்லை. அவற்றின் மோசமான நகல்களுக்குப் போட்டியே இல்லாமல் செய்கிறது. கலைஞர் தம் இளமைக்கால வேலையைப் பற்றிக் கூச்சப்படுகிறார் என்றால், வேகம் பிசகி, குரல் அறுந்த வடிவத்தில் அது சுற்றிக்கொண்டிருப்பது அந்தக் கூச்சத்தைக் கூட்டத்தான் செய்யும்.

மேலும், கதவைச் சாத்திக்கொள்ளும் இயல்பு ரெஸ்னருக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தம் 1994 ஆல்பத்தின் பத்தாம் ஆண்டுப் பதிப்பில், 2004இல், அதன் மூன்று பாடல்களின் மாதிரி வடிவங்களை அவரே சேர்த்து வெளியிட்டார். 2005இல் ஒரு பாடலின் தனித்தனி ஒலித்தடங்களை, யார் வேண்டுமானாலும் பிரித்துச் சேர்த்துப் பார்க்கட்டும் என்று ரசிகர்களுக்குக் கொடுத்தார். 2008இல் 36 இசைத்துண்டுகள் கொண்ட கருவியிசைத் தொகுப்பு ஒன்றைப் யாரும் பகிர்ந்துகொள்ள இடம்தரும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின் கீழ் வெளியிட்டதோடு, அதே ஆண்டு ஒரு முழு ஆல்பத்தை இலவசமாகவும் அளித்தார். 2009இல் ஏறத்தாழ 400 கிகாபைட் அளவுள்ள இசை நிகழ்ச்சிக் காட்சிகள் ரசிகர்களின் கைக்கு வந்தன. அவர்கள் அதை வெட்டி ஒட்டித் தாங்களே முழுநீளப் படமாக்கினார்கள். 1999 ஆல்பத்தின் கருவியிசை வடிவங்களும் வெளிவராத துண்டுகளுமாக 37 தடங்கள் 2016இல் வந்தன. தன் பட்டறையின் எல்லா அறைகளையும் திறந்துகாட்டிய ஒருவரின் முதல் அறை மட்டும் பூட்டிக் கிடக்கிறது. 'ப்ரிட்டி ஹேட் மெஷின்' பல ஆண்டுகள் அவருடைய கட்டுப்பாட்டில் இல்லை என்பதையும், உரிமை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியபடி இருந்தது என்பதையும் நான் அறிவேன். இருந்தாலும் 2010இல் அந்த ஆல்பம் புதிதாக ஒலி செப்பனிடப்பட்டு மறுபடி வந்தபோது, கிளீவ்லாந்துப் பதிவுகளுக்குத் தகுந்த இடம் அதுவாக இருந்திருக்கும். கூடுதலாக வந்தது, ஏற்கெனவே 1990இல் வெளியாகியிருந்த ஒரே ஒரு பாடல். அந்தக் குறுந்தகட்டைப் பிரித்த மாலையில் எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் இன்றும் நினைவிருக்கிறது.

காலம் இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். இல்லை என்பதை என் வேலையிலிருந்து சொல்கிறேன். கடந்த 15 ஆண்டுகளாக, இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்துவருகிறேன். 1978 முதல் ஆண்டுதோறும் தியாகராஜ ஆராதனை நடக்கும் ஊர் இது. ஆகவே என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பகுதி கச்சேரிப் பதிவுகள். மறைந்த வித்வான்களின் எத்தனையோ அரிய கச்சேரிகள், யாரோ ஒரு ரசிகர் தம் வீட்டில் வைத்திருந்த ஸ்பூலின் நகலுக்கு நகலாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். நகல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஏறும், மேலொலி மங்கும், வேகம் சற்றே அலையும். மூல ஸ்பூல் கிடைத்துவிட்டால் போதும், முப்பது ஆண்டுகளாகக் கேட்ட ஆலாபனையில் அதுவரை கேளாத ஒரு கமகம் வெளியே வரும். ஆனால் மூலம் காத்திருக்காது. 1970களிலும் 80களிலும் செய்த சில வகை நாடாக்களில், காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடுகிறது. அப்படியே ஓட்டினால் நாடா ஒட்டிக்கொண்டு கிறீச்சிடும், பழுப்புப் பொடியாக இசையே உதிரும். 50 டிகிரி செல்சியசுக்குச் சற்று மேலான மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தெடுத்து, உடனே நகல் எடுத்தாக வேண்டும். அந்தச் சிகிச்சையும் தற்காலிகமானதே. அந்த ஆண்டுகளில் ரெஸ்னர் பயன்படுத்திய இமேக்ஸ் சாம்ப்ளரும் (ஒலித்துணுக்குகளைப் பதிந்து வாசிக்கும் கருவி) மேக்கின்டாஷ் பிளஸ் கணினியும் ஒலிகளையும் தாள அடுக்குகளையும் நெகிழ்வட்டில் சேமித்தவை. அந்த வட்டுகள் எங்கேனும் மிஞ்சியிருந்தால், அவை நாடாக்களைவிட வேகமாக அழியக்கூடியவை. சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி கொண்டுவந்த, கணவர் பாடிய ஒரே கேசட்டை என்னால் மீட்க முடியவில்லை. ஐந்து ஆண்டுகள் முன்னே கொண்டுவந்திருந்தால் முடிந்திருக்கும் என்பதை அவரிடம் சொல்லாமல் விட்டேன்.

பெரிய நிறுவனத்தின் கிடங்கில் இருந்தால் பாதுகாப்பு என்பதும் நம்பத்தக்கதல்ல. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீயில் மூலப் பதிவுகள் அழிந்ததைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் 2019இல் விரிவாக எழுதியபோது, பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய கலைஞர்களின் வரிசையில் நைன் இன்ச் நெயில்ஸின் பெயரும் இருந்தது. இழப்பின் அளவை நிறுவனம் மறுத்தது. பத்தாண்டுகள் கடந்தும் எது இருக்கிறது, எது இல்லை என்பதே வாதத்துக்குரியதாக இருக்கிறது என்றால், கணக்கெடுப்பு எவ்வளவு அவசரமானது என்பது விளங்கும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. முதலில், 1988ஆம் ஆண்டு ரைட் ட்ராக் கூடத்தில் பதிந்த நாடாக்களில் எவை உங்களிடம் உள்ளன, எந்த நிலையில் உள்ளன என்பதை ஒரு பக்க அறிக்கையாகவேனும் வெளியிடுங்கள். தொலைந்துவிட்டன என்றால் அதையும் சொல்லுங்கள். அப்போது ரசிகர்களிடம் உள்ள நகல்களில் சிறந்ததைத் தேடிச் சேகரிக்கவேனும் வழி பிறக்கும். இரண்டாவதாக, உள்ளவற்றை, வெளியிடும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த ஆண்டே தேர்ந்த கைகளைக் கொண்டு கணினிக்கு மாற்றி, பெட்டிகளின் மேலுள்ள குறிப்புகளையும் படமெடுத்து வையுங்கள்.

மூன்றாவது வேண்டுகோளை ரெஸ்னரிடம் நேரடியாகவே வைக்கிறேன். 2029இல் 'ப்ரிட்டி ஹேட் மெஷின்' வந்து 40 ஆண்டுகள் நிறைகின்றன. அதற்குள் இந்தப் பதிவுகளைச் சரியான வேகத்தில், சரியான ஆண்டோடு, வாசித்தவர்கள் அனைவரின் பெயரோடும், அன்றைய வேலையைப் பற்றி நீங்கள் எழுதும் சில பக்கங்களோடும் முறையாக வெளியிடுங்கள். ஒலியைத் திருத்தி அழகுபடுத்த வேண்டாம். 23 வயதில் நீங்கள் விட்ட இடத்திலேயே அது இருக்கட்டும். வெளியிட மனமில்லை என்றால், ஒரு நகலை ஆவணக் காப்பகம் ஒன்றில் ஒப்படைத்து, நேரில் வந்து கேட்க விரும்பும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அனுமதி கொடுங்கள். 2020இல் உங்கள் குழுவைத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்ட ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற இசை அருங்காட்சியகம் இதே கிளீவ்லாந்தில்தான் இருக்கிறது. 2012 முதல் அதற்கென்று நூலகமும் காப்பகமும் இங்கே இயங்குகின்றன.

கடைசியாக, திருட்டுப் பதிப்புகளை அடித்து விற்பவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள். காசு கொடுத்து ஏமாந்தவர்கள் மீது வேண்டாம். என்னிடம் உள்ள கேசட், குறுந்தகடு, இசைத்தட்டு மூன்றையும், அவற்றை ஒப்பிட்டு எழுதிய குறிப்புகளையும், நீங்கள் கேட்கும் நாளில் உங்களிடம் ஒப்படைக்கச் சித்தமாக இருக்கிறேன். அந்த மாணவியின் மின்னஞ்சல் முகவரியை வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வந்ததும் அவருக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கிளீவ்லாந்திலிருந்து ஒரு ரசிகன்